முன்சக்கர பேரிங்கும் மணிகண்டன் சொன்ன பொய்யும்

ஜெனி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். தமிழில், அதுவும் என் கையெழுத்தில் எழுதினால் அதெல்லாம் நடக்காது. சண்டே ஸ்கூலில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரியாக என் பின்னாலேயே நடந்து வர வேண்டும். இந்த ஒரு தடவை எனக்கு அதுதான் வேண்டும். உன் லேப்டாப் பைக்குள் வைக்கிறேன். மணிகண்டனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் வாசித்து முடித்துவிடு.

நேற்றுக் காலையில் காபி குடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "டாடி, நீங்க சொன்னதுதான் கரெக்ட். அவன் எதையோ மறைக்கிறான். பக்கா கட்பட், ஏதோ தில்லுமுல்லு இருக்கு. சண்டே கல்யாணம் பேச அவங்க வீட்ல யாரும் வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன்." அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாதக்கணக்காக நான் பாடிய பாட்டு அதுதானே! "அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது, கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு" என்று உன் காதில் ஓதிக்கொண்டே இருந்தவன் நான். ஆனால் நேற்று நீ அதைச் சொன்னதும் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஏனென்றால் அவன் மறைக்கிறான் என்பது உண்மை. எதை மறைக்கிறான் என்பது அவனை விட்டால் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்குச் சந்தேகம் எப்படி வந்து ஒட்டியது என்று உனக்குத் தெரியும். இந்தப் பம்பாயின் தாதர் ஸ்டேஷன் பாலத்துக்கு அடியில், டிக்கெட் பரிசோதிக்கிற டி.சி.யாகக் கறுப்புக் கோட்டு போட்டு நின்றே என் சர்வீஸ் கழிந்தது. டிக்கெட் இருப்பவன் டி.சி.யைப் பார்க்கவே மாட்டான். இல்லாதவன்தான் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனை எடுத்துக் காதில் வைப்பான். தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்த பெண்ணின் கைப்பைக்குள் காலாவதியான பாஸ் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன் என்று அழுதவன் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே அதே வழியில் போயிருக்கிறான். அந்த வேலையில் நம்பினால் பிழைப்பு நடக்காது. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் வரலாம், கண்ணைக் கழற்றி எங்கே மாட்டுவது?

பேட்டரிக் கதையும் உனக்குத் தெரியும். நீ அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய். கேரேஜ்காரன் ஒருவன் நம் வண்டியின் புது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, யாரோ வீசிப்போன பழசை மாட்டி அனுப்பிவிட்டான். சண்டை போடப் போனால், "ஸாப், இது உங்களோடது இல்லன்னு எப்படிச் சொல்றீங்க? பேர் எழுதியிருக்கா?" என்று கேட்டான். அந்தப் பழசோடுதான் வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து நம் வீட்டை விட்டு எது ரிப்பேருக்குப் போனாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சின்னதாக ஒரு சிலுவை கீறாமல் நான் அனுப்புவதில்லை. மிக்ஸி ஜார், குக்கர் மூடி, குடை, கடிகாரம், பழக்கதோஷத்தில் தண்ணீர் டம்ளரின் அடி என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. "கர்த்தருடைய சிலுவையக் கொண்டுபோய் குக்கர் மூடியில கீறுதீங்களே, இது நல்லாவா இருக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நீயோ அதைப் பார்த்து உன் ரப்பரிலும் ஸ்கேலிலும் சிலுவை கீறிக்கொண்டு போனாய். பக்கத்து சீட்டுப் பெண் எடுத்த ரப்பரை எல்லோர் முன்னாலும் பிடித்துக் கொடுத்தாய். நான் அதை ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் தெரியுமா? அதற்குப் பிறகு கார் எந்த கேரேஜுக்கும் போகவில்லை. ஆயில் மாற்றுவதானாலும் பிரேக் பார்ப்பதானாலும் நம் செம்பூர் பில்டிங் காம்பவுண்டுக்குள், என் நாற்காலிக்கு முன்னால்தான்.

மணிகண்டன் முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்றே என் கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றான். ஏன் டீ வேண்டாம்? ஷூவை வெளியே கழற்றி, இரண்டையும் ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்தான். இந்தக் காலத்துப் பையன் யார் ஷூவை ஜோடியாக வைக்கிறான்? வடாலாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன் என்றான். தாராவியில் பிறந்து வளர்ந்தவன், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். அவர்கள் அம்மன் கோவில்காரர்கள், நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதைக்கூட அம்மா சட்டென்று ஒத்துக்கொண்டாள், எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது. தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் நம் சபைக்காரர் ஒருவரிடம் ரகசியமாக விசாரித்தேன். "நல்ல பையன்லா அண்ணாச்சி, ஒரு கொறையும் கிடையாது" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவரும் அதையே சொன்னார். எல்லோரும் ஒரே மாதிரி நல்லவன் என்று சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டிக்கெட் இல்லாமல் மாட்டிய கும்பலும் ஒரே கதையைத்தான் சொல்லும்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியில் சத்தம் ஆரம்பித்தது. ஐரோலி ஆபீசுக்குப் போகும்போது ஹைவேயில் வேகம் எடுத்தால் அடியில் யாரோ முனகுகிற மாதிரி "ஊ...ம்" என்று வருகிறது என்றாய். வேகம் கூடினால் சத்தமும் கூடும். நான் டயரைச் சொன்னேன். ரோட்டைச் சொன்னேன். மணிகண்டன் ஒருநாள் உன்னோடு வண்டியில் வந்தான். வளைவில் வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் ஏறுகிறது, பாரம் இடப்பக்கம் சாய்கிறது, ஆகவே முன்னால் இடது சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்றான். வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினான். ஆடியது, நானும் பார்த்தேன். ஆனால் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? இத்தனை வருஷமாக வாயைத் திறக்காத சக்கரம், இவன் நம் வாசலை மிதித்ததும் எதற்கு முனகுகிறது? இவனே எதையாவது செய்துவிட்டு, இவனே சரிசெய்து, என்னிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறானோ? பேரிங் தேய்வதற்கு எத்தனை மழைக்காலம் தேவைப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் சந்தேகப்பட்டேன்.

"சக்கரம் மாட்டுத ஹப்போட சேர்ந்து ஒரே பீஸா வருது அங்கிள். பழசக் கழட்டிட்டுப் புதுச மாட்டிர வேண்டியதுதான். எங்க சித்தப்பா டெம்போல ஒருக்கா கூட நின்னு பண்ணிருக்கேன். வீட்ல வச்சே பண்ணிரலாம்" என்றான். பேரிங் கெட்ட வண்டியில் நீ தினமும் வாஷி பாலத்தில் போகிறாய் என்று நினைத்துப் பார்த்தேன். சரி என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குர்லா பக்கத்துக் கடை ஒன்றில் புது ஹப்பை வாங்கி, பில்லை உன்னிடம் கொடுத்து, பெட்டியை நம் ஹாலில் வைத்துவிட்டுப் போனான். பில் கேட்டு வாங்கியது நீதான். என் மகள் அல்லவா.

சனிக்கிழமை நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நான் பார்த்த மாதிரி பார்த்திருக்க மாட்டாய். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்தினான். ஸ்பேனர் கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகி அவன் தொங்கினான், நீயும் கூடச் சேர்ந்து தொங்கினாய். பிறகு ஜாக்கி, அடியில் ஸ்டாண்டு, சக்கரம் வெளியே. பிரேக்கைக் கழற்றியதும் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல், அம்மாவின் துணிக்கொடிக் கயிற்றைக் கேட்டு வாங்கி மேலே கட்டினான். பின்னாலிருந்து போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் பழைய ஹப் அசையவில்லை. பம்பாய் மழை அதைத் துருவால் பற்றவைத்துவிட்டிருந்தது. எண்ணெய் விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தான். செகண்டு ஃப்ளோரிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "காய் சாலூ ஆஹே?", என்ன நடக்கிறது இங்கே, என்று சத்தம் போட்டாள். இவன் நிமிர்ந்து மராத்தியில் மன்னிப்புக் கேட்டான். எவ்வளவு இனிமையாகக் கேட்கிறான் பார், இவனை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஹப் கையோடு வந்தது. சுற்றிப் பார்த்தால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி கரகரத்தது. பேரிங் போனது நிஜம்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

எல்லாம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அந்தப் பெரிய நட்டை இறுக்குகிற வேலை வந்தது. இறுக்குகிறபோது சக்கரம் உருளாமல் இருக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீ டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாய், ஆகவே நான் உட்கார்ந்தேன். சீட்டில் உட்கார்ந்தால் வெளியே சக்கரத்தில் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இவன் சரியாகத்தான் இறுக்குகிறானா? என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன், கால் பிரேக்கிலிருந்து எழும்பிவிட்டது. சக்கரம் சட்டென்று உருண்டது, பைப் வழுக்கியது, அவன் முழங்கை சிமெண்டுத் தரையில் உராய்ந்து தோல் வழன்றது. நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். அவன் கையை உதறிவிட்டு, "ஒண்ணுமில்ல. அங்கிள், நான் சொல்லுத வரைக்கும் காலை மட்டும் எடுக்காதீங்க" என்றான். அவ்வளவுதான். இத்தனை பொறுமை எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஹைவேக்குப் போனோம். முனகல் போயே போய்விட்டது. நீ கைதட்டினாய். திரும்பி வருவதற்குள் டாஷ்போர்டில் மஞ்சளாக ஏபிஎஸ் லைட் எரிந்தது. வழுக்கும்போது பிரேக் சக்கரத்தைப் பூட்டிவிடாமல் காப்பாற்றுகிற ஏற்பாடு அது; அது வேலை செய்யவில்லை என்று லைட் சொல்கிறது. மழைக்காலம் தலைக்கு மேல் நிற்கிறது. எனக்கு உள்ளே பயமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனா! "வீட்ல வச்சுப் பண்ணலாம்னு சொன்னியேப்பா, இப்ப என்னது இது?" என்று அவனிடம் கேட்டேன். என் குரலில் இருந்த ருசி எனக்கே தெரிந்தது. அவன் முகம் சுண்டிப் போனது. "தப்பு என்னோடதாத்தான் இருக்கும் அங்கிள். அடுத்த சனிக்கிழமை வந்து திரும்பக் கழட்டிப் பாக்கேன். அதுவரைக்கும் ஜெனி ட்ரெயின்ல போகட்டும்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் முதலில் சென்சார் ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தான். லைட் அணையவில்லை. போனில் எதையோ வாசித்துவிட்டு நம் இருவருக்கும் விளக்கிச் சொன்னான், நினைவிருக்கிறதா? "ஹப்புக்குப் பின்னால கருப்பா ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். அது பூரா காந்தம். சக்கரம் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு சென்சார் அதப் பாத்துதான் கண்டுபிடிக்கும். அதுல ஒரு கீறல் விழுந்தாக்கூட லைட் எரிஞ்சிரும்." நீ "ஓ" என்றாய். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை, அவன் பெட்டியை வைத்துவிட்டுப் போன பிறகு, நீ குளிக்கப் போயிருந்தாய். நான் பெட்டியைப் பிரித்தேன். ஸ்டிக்கரைப் பார்த்தேன், அச்சைப் பார்த்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சரக்கு நல்ல சரக்கு. நல்ல சரக்கைக் காட்டிவிட்டு மாட்டும்போது வேறொன்றை மாட்டிவிட்டால்? அவன் எதற்கு அப்படிச் செய்யப் போகிறான் என்று நீ கேட்பாய். பேட்டரிக்காரன் மட்டும் என்னிடம் காரணம் சொல்லிவிட்டா செய்தான்? சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சிலுவை கீறப் போனேன். இரும்பில் கீறல் விழவில்லை. பின்பக்கம் மெத்தென்று கருப்பாக ஒரு வளையம் இருந்தது. மாட்டிய பிறகு வெளியே தெரியாத இடம், எனக்கு அதைவிட வசதியான இடம் கிடைக்குமா? அழுத்திக் கீறினேன். மறுநாள் அவன் ஹப்பைத் தூக்கி வைக்கும்போது நான் முட்டி வலிக்கக் குனிந்து பார்த்தேனே, நீகூட "டாடி, தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாயே, அது சிலுவை இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. அன்றைக்கு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஆகவே இரண்டாவது தடவை அவன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றும்போது நான் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். நீ டீ எடுக்க மேலே போனாய். ஹப் வெளியே வந்தது. அவன் அதைத் திருப்பினான். கட்டைவிரலால் அந்த வளையத்தைத் துடைத்தான். சிலுவை பளிச்சென்று தெரிந்தது. அவன் வேறு யாரையும் தேடவில்லை. நம் வீட்டில் தண்ணீர் குடித்த எவர்சில்வர் டம்ளரின் அடியிலும் அதே சிலுவையைப் பார்த்திருப்பான்தானே. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா, ஜெனி? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அந்த நிமிஷம் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நீ டீயோடு படி இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவன் பக்கத்தில் கிடந்த பழைய துணியில் ஹப்பைச் சுற்றிப் பைக்குள் போட்டான். "டூப்ளிகேட் பீஸ் போலருக்கு ஜெனி. கடைக்காரன் ஏமாத்திட்டான். நான் போய் மாத்திட்டு வாரேன்" என்றான். காட்டு என்றாய், காட்டவில்லை. நானும் கூட வருகிறேன் என்றாய், வேண்டாம் என்றான். நான் டீயைக் குடித்தேன். தனியாகப் போனான், வேறொரு ஹப்போடு வந்தான், மாட்டினான். லைட் அணைந்தது. பிரேக்கை நான்தான் மிதித்தேன், அவன் சொல்லுகிற வரை காலை எடுக்கவில்லை. அம்மா அவனைச் சாப்பிடச் சொன்னாள். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து ஒன்றும் நடக்காத மாதிரி மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். எனக்கு அந்தச் சாப்பாடு என்ன ருசி என்றே தெரியவில்லை.

பிறகு நடந்ததை நீதான் என்னிடம் சொன்னாய். நீ சும்மா இருப்பாயா? ஏமாற்றிய கடைக்காரனை விடக்கூடாது என்று பில்லைப் பார்த்துப் போன் போட்டாய். "எங்ககிட்ட யாரும் எதையும் ரிட்டர்ன் கொண்டு வரல மேடம்" என்றான் அவன். மணிகண்டனிடம் கேட்டாய். மாற்றினேன் என்றே சாதித்தான். எந்தக் கடையில் என்று கேட்டாய். பேச்சை மாற்றினான். கீறல் விழுந்ததை எந்தக் கடைக்காரன் திரும்ப எடுப்பான், அவன் தன் காசில் வேறொன்று வாங்கியிருக்கிறான். கடைக்காரனோடு கூட்டா, கமிஷனா, இதில் பொய் சொல்கிறவன் இன்னும் எதிலெல்லாம் சொல்வான் என்று நீ ஒவ்வொன்றாக அடுக்கியபோது, என் குரலை நானே கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு டி.சி.கூட இவ்வளவு சுத்தமாகப் பிடிக்க முடியாது. பெருமைப்படவா முடியும்? நான் கீறியதால் வந்த வினை இப்போது உன் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள். நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் முடிந்துவிடும்.

நேற்று நீ ஆபீசுக்குப் போனதும் அவனுக்குப் போன் செய்தேன். நன்றி சொல்லவோ மன்னிப்புக் கேட்கவோ செய்தேன் என்று நினைக்காதே. சந்தேகத்தில்தான் செய்தேன். இந்த ரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு என்னை மிரட்டிச் சம்மதம் வாங்கலாம் என்று இருக்கிறானோ என்று இரண்டு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்டே அவகிட்டச் சொல்லல? உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன். ட்ரெயினில் இருந்தான் போல, இரைச்சலாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் அங்கிள்" என்றான். "அவ எங்கிட்ட எதுக்கெடுத்தாலும் எங்க டாடி இப்படித்தான், எங்க டாடி அப்படித்தான்னு சொல்லுவா. உங்கள வச்சுத்தான் அவ எல்லாரையும் எடை போடுதா. அத நான் எதுக்குக் கெடுக்கணும்?" நான் விடவில்லை. "அவ இப்ப ஒன்னத்தானடே வேண்டாங்கா?" என்றேன். "தெரியும் அங்கிள். சொல்லணும்னா நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றான். நடிப்பா என்று நான் அந்தக் கடைசி வார்த்தையையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். என் சர்வீஸில் பார்த்த எந்தப் பொய்யோடும் அது பொருந்தவில்லை.

நீ இனிமேல் யாரையும் சந்தேகப்படாதே என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னாலும் நீ கேட்க மாட்டாய், எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. பில் வாங்கு. எடையைப் பார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாசி. அவனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. இவ்வளவு வழவழப்பாகப் பொய் சொல்ல வருகிறது என்றால், நாளைக்குத் தனக்காகவும் சொல்வான், ஒரு கண் வைத்துக்கொள். ஆனால் ஒரு பொய்யைப் பிடித்ததும் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு நின்றுவிடாதே. அது யாருக்காகச் சொன்ன பொய் என்று இன்னும் ஒரு கேள்வி கேள். நான் ஸ்டேஷனில் நின்ற காலத்தில் அந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவேன். அந்தப் பழக்கத்தைத்தான் உனக்கும் கொடுத்துவிட்டேனோ என்று நேற்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. நீ என்னை மாதிரி இருக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இந்த ஒன்றில் மட்டும் நீ என்னை மாதிரி ஆகிவிடக் கூடாது.

அவன் எதையோ மறைக்கிறான் என்றாய். ஆமாம், மறைத்தான். உன் அப்பனை மறைத்தான்.

என்னை நம்பாவிட்டால், இந்தக் கடிதத்தைக் காட்டாமல் அவனை இன்னொரு தடவை நேரில் பார்த்துக் கேள். அப்போதும் டூப்ளிகேட் பீஸ், கடைக்காரன் மாற்றிக் கொடுத்தான் என்றுதான் சொல்வான். நீ கையைவிட்டுப் போகிறாய் என்று தெரிந்துகொண்டேதான் சொல்வான். அப்போது கோபப்படாமல் அவன் முகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிற முகங்களை நான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஒரு முகத்தை நம் காம்பவுண்டில் அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு உன்னை அனுப்ப எனக்குப் பயமாக இல்லை. பயமில்லை என்று என் கையால் எழுதுவது எனக்கே விசித்திரமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

அப்பா